வேலைக்குப் போகிறவர் வீட்டு நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டிருக்கிறான். அவன் உருவத்தைச் செதுக்கியவர்கள் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கினார்கள். அதோடு விடவில்லை. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் பொறித்து வைத்தார்கள்.

நாயின் விசுவாசத்துக்குச் சாட்சியாக இந்தக் கல்லைச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கோவிவன் நின்ற இடம். எஜமான் எருமைகளைக் காக்கப் போன இடத்தில் அது நின்றது. அவனுக்கு எது வேலையிடமோ அதுதான் நாய்க்கும் வேலையிடம். பூட்டிய கதவுக்குப் பின்னால் பகல் முழுக்க ஒரு நாய் தனியாகக் கிடப்பது என்பது அந்த ஊருக்குத் தெரியாத சங்கதி.

நான் சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். குரோம்பேட்டையில் வீடு. காலையில் மின்சார ரயிலைப் பிடித்தால் திரும்பி வரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. தெருவில் பிறந்த குட்டி, பெயர் மணி. "நீ பகலெல்லாம் ஆபீஸ்ல கெடக்க, வாயில்லா ஜீவனை எதுக்கும்மா கட்டிப் போட்டுருக்க?" என்று ஊரிலிருந்து வரும் சித்தி ஒவ்வொரு தடவையும் கேட்பார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் என்னைப் பின்னோக்கிப் போகவைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் நாயை எப்படி வளர்த்தார்கள்?

என் தாத்தா கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் ஆட்டுக்கிடை போட்டவர். அறுப்பு முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்தால் நிலத்துக்கு எரு சேரும். நிலத்துக்காரர் தவசமோ காசோ கொடுப்பார். இன்றைக்கு ஒரு காடு, நாளைக்கு வேறு காடு. வேலையே இடம் மாறிக்கொண்டிருந்ததால் நாயும் கூடவே நடந்தது. செவலை என்று ஒரு நாய் இருந்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். பகலில் அது வேலிக்கருவை நிழலில் தூங்கும். ராத்திரி குள்ளநரி வாடை வந்தால் கிடையைச் சுற்றிச் சுற்றி வரும். அதற்குக் கம்பங்கூழ்தான் சாப்பாடு. தாத்தா கல்தொட்டியில் கூழை ஊற்றி, விரலை விட்டுப் பார்ப்பாராம். சூடு முழுக்க ஆறின பிறகுதான் நாயைக் கூப்பிடுவார். "கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா மூக்கு செத்துப்போகும், பெறவு நரி வர்றது எப்படித் தெரியும்?" என்பாராம். ஆட்டுக்காரர் பிழைப்பு அந்த மூக்கில் இருந்தது. அதனால் அந்தக் கவனிப்பும் வேலையோடு சேர்ந்ததாகவே இருந்தது.

சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், கோம்பை எல்லாம் இந்தத் தென்மாவட்டத்து மண்ணில் உருவானவை. முயல் வேட்டைக்கும் காவலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த நாய்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை படிப்படியாகக் குற்றமானது. சட்டம் சரிதான். ஆனால் வேட்டைநாய்க்கு அதோடு வேலை போய்விட்டது. மேய்ச்சல் காடும் சுருங்கிக்கொண்டே வந்தது. நாட்டு இனங்கள் அழிந்துவிடக் கூடாது என்று சைதாப்பேட்டையில் அரசே இனப்பெருக்க நிலையம் நடத்த வேண்டிய நிலை வந்தது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. பெருமைதான். ஆனால் தோட்டமும் காடும் ஓடிப் பழகிய உடம்பு அந்த நாய்க்கு. இன்று அதை வாங்கி இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பூட்டி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

காட்டுக்குப் போகாத நாய்கள் ஊருக்குள் எப்படி வாழ்ந்தன? ஊர் நாய்க்கு ஒரே எஜமான் கிடையாது. ஒரு வீட்டில் பழைய சோறு, அடுத்த வீட்டில் மீன்முள், டீக்கடை வாசலில் தூக்கம். எஜமான் களை வெட்டப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அதற்குத் தனிமை இல்லை. தெரு முழுக்க ஆள் இருந்தது, திண்ணை இருந்தது. அந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்ல மாட்டேன். வெறிநாய்க்கடிக்கு மருந்து எட்டாத காலத்தில் கடித்த நாயால் செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குன்னூரில் 1907இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கியதே அந்தச் சாவைத் தடுக்கத்தான். சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை மாநகராட்சி வெகுகாலம் வழக்கமாகவே வைத்திருந்தது. புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்து கருத்தடைதான் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அதற்கு இசைந்தது 1990களில்தான்.

வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸ் பங்களாவில் வேறு மாதிரி. துரை கச்சேரிக்கோ கம்பெனிக்கோ கிளம்பிவிடுவார். நாயைக் குளிப்பாட்டவும் உலாத்தக் கூட்டிப்போகவும் ஒரு பையன் சம்பளத்துக்கு இருப்பான். டாக் பாய் என்பார்கள். நாய் துரையுடையது, அதன் நாள் முழுக்க அந்தப் பையனுடையது. போட்டோக்களில் துரை மடியில் நாய் இருக்கும். பையன் பெயரை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ், பேங்க் காலனி என்று பத்துமணி ஆபீஸ்காரர்கள் நாய் வளர்த்தார்கள். "எங்க அப்பா வளர்த்த நாய்" என்று என் சக ஊழியர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் விசாரித்தால் உண்மை வேறாக இருக்கும். அப்பா காலையில் வாசலில் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். தயிர்சாதம் பிசைந்து வைத்தது அம்மா. உண்ணி பொறுக்கியது பாட்டி. இடிமழைக்கு நடுங்கும்போது கட்டிலுக்கடியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததும் அவர்களே. கணக்கில் எழுதாத, சம்பளம் இல்லாத அந்தப் பகல்பொழுதின் மேல்தான் ஆபீஸ்காரரின் நாய் வளர்ந்தது. பெண்களும் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் நாயைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருத்தி தலையில் கட்டிய வேலையை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

சட்டம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவது கொடுமை என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. அடிப்பது, பட்டினி போடுவது மட்டுமே வதை என்று நினைத்திருந்தவள் நான். அந்த வரியைப் படித்த அன்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தொகை சின்னது. சொன்ன விஷயம் பெரியது.

2000த்தில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் எழும்பின. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, நைட் ஷிப்ட், ஊரிலேயே தங்கிவிட்ட பெற்றோர். திண்ணை இல்லை, வாசலில் செக்யூரிட்டி. தெரு பார்த்துக்கொண்டதை இனிமேல் ஒரு குடும்பமே பார்க்க வேண்டும் என்றானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது நாய் வாங்கியவர்கள் எங்கள் ஆபீசிலேயே உண்டு. அந்தக் குட்டிகள் கண்விழித்த நாளிலிருந்து ஆள் நடமாட்டத்தோடு வளர்ந்தவை. திரும்ப ஆபீஸ் திறந்ததும் கதவைப் பிறாண்டின, அக்கம்பக்கத்துக்குக் கேட்க ஊளையிட்டன. குட்டி மேல் என்ன தப்பு?

மணி விஷயத்தில் நான் செய்துகொண்ட ஏற்பாடு புதிதாக எதுவும் இல்லை; பழைய தெருவின் ஒரு துண்டைக் காசும் சாவியும் கொடுத்துத் திரும்ப உண்டாக்கியதுதான். விடியுமுன் நான் அதை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய் நன்றாக நடக்கவிடுகிறேன், முகரவும் விடுகிறேன். ஒவ்வொரு கம்பத்தையும் முகர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் அவசரப்படுத்துவதில்லை. களைத்து வந்த நாய் முற்பகல் முழுக்கத் தூங்கும். மத்தியானம் கீழ்வீட்டு ஆச்சி சாவி போட்டுத் திறந்து, தண்ணீர் மாற்றி, வெளியே விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். ஆச்சி காசு வாங்க மாட்டார். ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவருக்குத் துணை நான். சாயங்காலம் நாலரைக்கு வரும் கல்லூரிப் பையனுக்கு மட்டும் மாதச் சம்பளம். மணி வேறு நாயைப் பார்த்தால் எந்தக் காதை முதலில் மடக்கும் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். ஒன்றாம் தேதி பணம் அனுப்பிவிடுவேன், பரீட்சை சமயத்தில் லீவும் உண்டு.

வளர்க்கலாமா என்று ஆபீசில் கேட்கிறவர்களிடம், என்ன இனம் வாங்கப் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கப்போவது யார் என்றுதான் கேட்கிறேன். பதில் பெயரோடு வந்தால், அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தத்தெடுக்கும் முகாமுக்கு நானும் கூடப் போகிறேன்.