காற்புள்ளியும் கால் சதமும்

எண்ணுக்கு மொழியுமில்லை, வர்க்கமுமில்லை என்று கருதுவோர் உண்டு. இரண்டும் இரண்டும் நான்கு என்பது துரை பங்களாவிலும் லயத்திலும் ஒன்றுதானே என்பார்கள். கூட்டல் ஒன்றுதான். ஆனால் எழுதப்பட்ட எண் வேறு. அது ஒருவர் கையால் எழுதப்பட்டு, வேறொருவர் கண்ணால் வாசிக்கப்படுவது. எழுதும் முறை மாறும்போது இடையில் ஏதோ ஒன்று நழுவுகிறது.

ஈய அச்செழுத்துக்களின் காலம் போய், பக்கங்களைக் கோக்கும் வேலையை இன்று கணினி மென்பொருள் ஏற்றிருக்கிறது. அம்மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் சில வேளைகளில் ஒரு விந்தை நிகழும். அது தானாகவே வடிவமைத்துத் தரும் அட்டவணைகளில் நேற்று 525,000 என்று நின்ற தொகை இன்று 5,25,000 என்று நிற்கும். தமிழ் இலக்கத்தில் தொகுத்த பக்கத்தில் சுழியம் இருந்த இடத்தில் வெறுங் கட்டம் தோன்றும். மெய்ப்புப் பார்ப்பவர் இதை இயந்திரக் கோளாறு என்று சலித்துக்கொள்வார். கோளாறு இயந்திரத்தில் பிறந்ததன்று. அதன் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல்.

நமது பழைய எண்முறையில் சுழியத்துக்கு வேலையில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. இருபத்தைந்து என்பது ௨௰௫. 1964 என்பது ௲௯௱௬௰௪. இடமதிப்பையும் சுழியத்தையும் கொண்ட முறை தமிழ்க் கணித நூலில் இடம்பெற்றதற்கு 1825இல் வெளிவந்த ‘கணித தீபிகை’யைச் சான்றாகக் காட்டுவர். பின்னர் பாடசாலையும் கச்சேரியும் வணிகமும் சேர்ந்து 1, 2, 3 என்ற இன்றைய வடிவங்களை நிலைநாட்டின. பழைய ஏட்டைக் கணினியில் ஏற்றுபவர் இந்த வேறுபாட்டை அறியாமல் குறிக்குக் குறி மாற்றினால், ௨௰௫ என்ற இருபத்தைந்து 2105 ஆகிவிடும்! கணினியின் பொதுக் குறியீட்டுத் திட்டமாகிய ஒருங்குறியிலும் இவ்வரலாறு அப்படியே பதிந்திருக்கிறது. ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரமும் அதில் முதலிலேயே இருந்தன. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய எழுத்துருக்களில் அந்த இடம் காலி. கட்டம் தோன்றுவதன் காரணம் அதுவே.

இதுவரை சொன்னது அச்சுக்கூடத்தின் சங்கடம். கணக்கேட்டுக்கு வந்தால் சங்கடம் வயிற்றைத் தொடுகிறது.

கண்டிக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைச் சரிவில் உள்ள மடுல்கெல்லப் பகுதியை எடுத்துக்கொள்வோம். முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்ட மண் இது. காடழித்துத் தோட்டமாக்கிய கைகள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவை. அம்மக்கள் தங்களோடு கொண்டுவந்த கணக்கு மொழி எது? அரை, கால், அரைக்கால், வீசம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற நாணயத்துக்கு அந்தப் பின்னங்கள் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தின. கால் ரூபாய் நான்கணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. எழுத்தறியாதவரும் விரல் மடக்கிச் சரிபார்க்கலாம்.

இலங்கையிலோ 1872இலேயே ரூபாய் நூறு சதமாக்கப்பட்டது. இந்தியாவில் அம்மாற்றம் 1957 ஏப்ரலில்தான் வந்தது. ஆக, எண்பத்தைந்து ஆண்டுகள் கடலின் இரு கரைகளிலும் ரூபாய் என்ற பெயர் ஒன்று, அதன் உட்பிரிவு வேறு. நூறு சத ரூபாயில் அரைக்கால் என்பது பன்னிரண்டரைச் சதம். வீசம் ஆறேகால் சதம். ஊர்க்கணக்கில் மீதமின்றி வகுபட்டது தோட்டத்துப் பதிவேட்டில் வகுபட மறுத்தது. அந்தக் கால் சதம் எந்தப் பக்கமாக உருண்டிருக்கும் என்பதை ஊகிக்கக் கணிதப் பட்டம் தேவையில்லை.

பதிவேடு துரையின் மொழியில் இருந்தது. செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. குறித்த வேலை முடியாவிட்டால் ‘அரைப் பேர்’. மனிதன் தன் பெயரில் பாதியாகிவிட்டான் என்பதை அந்தச் சொல்லே கூச்சமின்றிச் சொல்கிறது. கடன் தொகையைத் தாங்கிய ‘துண்டு’ இன்னும் கொடியது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாற வேண்டுமானால், அதில் எழுதிய கடனைப் புதிய தோட்டம் ஏற்கவேண்டும். அந்த எண் சரியா தவறா என்று கேட்கும் நிலையில் தொழிலாளி இல்லை. வாசிக்கத் தெரிந்தவன் கங்காணி, அவனே கடன் கொடுத்தவன். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஒழிந்தது துண்டுதான், மனிதரைத் தொகையாக எழுதும் வழக்கம் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் அம்மக்கள் 975,000 பேர் என்று கொள்ளப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சென்னைப் பத்திரிகையின் வழக்கப்படி இது ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம். காற்புள்ளி ஐந்துக்குப் பின் விழும். கொழும்பு அரச ஆவணத்தின் வழக்கப்படி மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கவேண்டும். தொகை ஒன்றே. ஆனால் மண்டபத்தையும் தனுஷ்கோடியையும் நினைத்துக்கொண்டு லயத்தில் காத்திருந்தவரின் தலைவிதியை இரு தலைநகரங்கள் இரண்டு விதமாக வாசித்தன.

மென்பொருளுக்கு இப்போது திரும்பலாம். எந்த மொழிக்குக் காற்புள்ளி எங்கே விழவேண்டும் என்பதற்குப் பல மென்பொருள்கள் ஒரு பொது அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதில் தமிழ் என்றால் இலட்ச முறை. சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மூவிலக்க முறை தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. இலங்கைத் தமிழோ பொதுத் தமிழின் இலட்ச முறையையே பெறுகிறது. புதுப்பித்த மென்பொருள் அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றத் தொடங்கும் அன்றைக்கே நம் பக்கங்களில் எண்கள் இடம்பெயர்கின்றன. யாரும் சதி செய்யவில்லை. நம்மிடம் யாரும் கேட்கவுமில்லை.

ஆகவே மலையக வரலாற்றைப் பதிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் புதுப்பித்தலுக்குப் பின் எழுத்துப் பிழை பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அட்டவணையின் ஒவ்வொரு தொகையையும் மூலப் பிரதியோடு ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கவேண்டும். காற்புள்ளி முறையை மென்பொருளின் விருப்பத்துக்கு விடாமல் நூல் முழுவதற்கும் தாமே நிர்ணயிக்கவேண்டும். மேற்கோளில் வரும் எண்ணை மட்டும் மூலத்தில் உள்ளபடியே விடவேண்டும். பழைய கணக்கில் அரைக்கால், வீசம் வந்தால் அதைச் சதமாக்கித் திருத்துவது பெரும் பிழை. அந்தப் பின்னக் குறிகளும் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்துவிட்டன. எழுத்துரு மட்டும் அவற்றை அறிந்ததாக இருக்கவேண்டும். இல்லையேல் வீசம் இருந்த இடத்தில் மறுபடியும் ஒரு வெறுங் கட்டமே அச்சாகும்.