நீலியின் வழக்கு

எங்கள் பாட்டி ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ள வந்தவள். அங்கே கல்லாற்றிலேயே காலம் கழித்தாலும் முப்பந்தல் இசக்கியம்மனை அவள் விடவில்லை. வில்லுப்பாட்டில் கேட்ட நீலி கதையை எங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லமாட்டாள். கோபத்தோடு சொல்வாள். நகைக்காகப் புருஷன் கையாலே செத்த பெண் மறுபிறவியில் கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூரில் எழுபது வேளாளர் கூடிய சபையில் வந்து நிற்பாள். அவளுக்கு வேண்டியது பழி மட்டுமல்ல, நாலு பேர் முன்னால் ஒரு விசாரணை.

மலையாளத்தில் நீலியைப் போன்ற பெண்பேயான யட்சிக்கு அந்தச் சபை கிடைக்கவில்லை. கொட்டாரத்தில் சங்குண்ணியின் கதைத் தொகுப்பான 'ஐதிஹ்யமாலை'யில், பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் ஆளடித்துத் தின்ற யட்சியைக் மந்திரவாதிப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் தலையில் இரும்பாணி அடித்து அடக்குகிறார். அவள் ஏன் அப்படி ஆனாள் என்று அவர் கேட்பதில்லை. பிறகு ஒரு கிழவி தலை வாரிவிடும்போது ஆணி தட்டுப்பட, பிடுங்கி விடுகிறாள். எனக்கு அந்தக் கிழவியைத்தான் பிடிக்கும்.

சினிமாவில் அந்த ஆணியைப் பிடுங்கியவர் வைக்கம் முகம்மது பஷீர். 1964-இல் வெளிவந்த 'பார்கவி நிலையம்' அவர் எழுத்து. 'கல்யாணப் பரிசு'க்கும் 'காதலிக்க நேரமில்லை'க்கும் கேமரா பிடித்த ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம். கிணற்றில் விழுந்து செத்தாள் என்று ஊர் சொல்லும் பார்கவியின் வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் குடிவருகிறார். மந்திரவாதியைக் கூப்பிடாமல் அவளோடு பேசுகிறார், அவள் கதையை எழுதி அவளுக்கே வாசித்துக் காட்டுகிறார். அது கொலை என்று அப்படித்தான் தெரியவருகிறது. பார்கவியாக நடித்த விஜய நிர்மலாவின் வெள்ளைச் சேலையைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், வழக்கை விட்டுவிட்டார்கள். 1968-இல் சேதுமாதவன் எடுத்த 'யட்சி' வேறு வழியில் போனது: சத்யனின் பேராசிரியர் தன் மனைவியை யட்சி என்று சந்தேகிக்கிறார், பேய் அவர் மனத்துக்குள்தான்.

செத்தவருக்கு நியாயம் கேட்கும் சபையை நான் மறுபடி பார்த்தது போலந்தில் எடுத்த ஒரு யூதப் படத்தில். 1937-இல் மிஹாவ் வாஷின்ஸ்கி இத்திஷ் மொழியில் எடுத்த 'திபுக்'. மூலநாடகத்தை எழுதிய அன்ஸ்கி, 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொடோலியா ஊர்களில் அலைந்து கதைகளும் பாட்டுகளும் திரட்டியவர். பிள்ளைகள் பிறக்குமுன்னே சம்பந்தம் பேசிய சிநேகிதர்கள் இருவர். ஒருவர் செத்துப்போக, மற்றவர் வாக்கை மறந்து பணக்கார மாப்பிள்ளை தேடுகிறார். செத்தவரின் மகன் ஏமாந்து உயிர்விட்டு, கல்யாணப் பந்தலில் பெண்ணின் உடம்பில் ஏறுகிறான். பேயோட்ட வேண்டிய யூத மதகுருவான ரபி அதற்கு முன் செய்வது என்ன தெரியுமா? செத்துப்போன தகப்பனை வரவழைத்து, திரைக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்து, பிராதைக் கேட்கிறார்! அப்பேர்ப்பட்ட நியாயம் தெரிந்த ஊர்களை அடுத்த சில ஆண்டுகளில் நாஜிகள் அழித்தார்கள். அந்தப் படத்தை என்னால் பேய்ப்படமாகப் பார்க்க முடியவில்லை.

மறுபடி நீலிக்கு வந்தால், நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் பேரிலேயே 1979-இல் 'கள்ளியங்காட்டு நீலி' மலையாளத்தில் வந்தது. 1956 வரை அந்த மண் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது; நீலி இரண்டு மொழிக்காரர்களுக்கும் சொந்தம். பஷீரின் கதையை 2023-இல் ஆஷிக் அபு 'நீலவெளிச்சம்' என்று மறுபடி எடுத்தார். அதிலும் எழுத்தாளர் அந்த வீட்டில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார்.