துருவமான் அடைப்பிடம்: மிருகக்காட்சி சாலை விளையாட்டுகளில்

துருவமான் அடைப்பிடம் என்பது மிருகக்காட்சி சாலையை அமைத்து நடத்தும் கணினி விளையாட்டுகளில், ரெயின்டீர் எனப்படும் துருவமானுக்காக ஆட்டக்காரர் உருவாக்கும் வேலியிட்ட வாழிடம் ஆகும். தரையின் தன்மை, செடிகொடிகள், வெப்பநிலை, மந்தையின் அளவு ஆகியவை அந்த விலங்குக்குப் பொருந்துகின்றனவா என்பதை விளையாட்டே கணக்கிட்டு, மானின் நலத்திலும் நடத்தையிலும் காட்டும். இவ்வகை விளையாட்டுகளில் முதலில் பெரும்புகழ் பெற்றது ஜூ டைகூன் (2001). இன்று முன்னிலையில் இருப்பது பிளானட் ஜூ (2019).

தோற்றமும் வளர்ச்சியும்

கேளிக்கைப் பூங்காவை நடத்தும் ரோலர்கோஸ்டர் டைகூன் 1999இல் பெற்ற வெற்றி, வணிக நிர்வாக விளையாட்டுகளுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. அந்த வழியில் அமெரிக்காவின் புளூ ஃபாங் கேம்ஸ் நிறுவனம் ஜூ டைகூனை உருவாக்க, மைக்ரோசாஃப்ட் அதை 2001 அக்டோபரில் வெளியிட்டது. துருவமான் அதன் முதல் வெளியீட்டில் இடம்பெறவில்லை. பின்னர் இலவசப் பதிவிறக்கமாகச் சேர்க்கப்பட்டது.

ஜூ டைகூனில் நிலம் முழுவதும் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரைவகை உண்டு: புல், மணல், மண், சரளை, பழுப்புப் பாறை, சாம்பல் பாறை, பனி, நன்னீர், உவர்நீர், மழைக்காட்டுத் தரை, ஊசியிலைக்காட்டுத் தரை எனப் பல. எந்த விலங்குக்கு எந்தத் தரை எவ்வளவு பங்கு இருக்கவேண்டும் என்பது விளையாட்டினுள் முன்பே வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. விலங்குக் காப்பாளரின் பரிந்துரைகளிலிருந்தும் விலங்கின் முகக்குறியிலிருந்தும்தான் அதை ஊகிக்கவேண்டும். அடைப்பிடத்துக்குள் ஒரு மரத்தை நட்டதும் அங்குள்ள விலங்குகளின் தலைக்குமேல் பச்சைச் சிரிப்புமுகமோ சிவப்புக் கோபமுகமோ தோன்றி மறையும். துருவமானுக்கு ஊசியிலை மரம் ஒன்றை வைத்தால் பச்சை, பனைமரம் வைத்தால் சிவப்பு. பொருத்தமான மரத்தையே அளவுக்கு மீறி நட்டாலும் பச்சை சிவப்பாகிவிடும். ஒரு விலங்கின் இயற்கை வாழிடத்தைச் சிறுவர்கள் ஒவ்வொரு கட்டமாகக் கற்றுக்கொண்ட முறை அது.

2004 நவம்பரில் வந்த ஜூ டைகூன் 2 முப்பரிமாணத்துக்கு மாறியது. அதில் நிலத்திணைத் தூரிகை என்ற கருவி புகுந்தது. தூந்திராத் தூரிகையை ஒருமுறை இழுத்தால் தரையும் அதற்குரிய செடிகளும் சேர்ந்தே விழும். வேலை எளிதானது, ஆனால் நுணுக்கம் குறைந்தது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2013இல் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ஜூ டைகூனில் அடைப்பிடங்கள் ஆயத்த வடிவங்களிலேயே கிடைத்தன. அதே நிறுவனம் 2019 நவம்பர் 5 அன்று வெளியிட்ட பிளானட் ஜூ, நிலத்தைக் குடைந்து, உயர்த்தி, விரும்பிய வளைவில் வேலி போடும் முழு உரிமையை ஆட்டக்காரரிடம் கொடுத்தது. அதன் முதல் கூடுதல் தொகுப்பான ஆர்க்டிக் பேக், அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு வெளியானது. துருவக்கரடி, ஆர்க்டிக் ஓநாய், டால் செம்மறி ஆகியவற்றுடன் துருவமானும் அதில் வந்தது.

விலங்கின் இயல்பு

அடைப்பிடத்தின் தேவைகள் அனைத்தும் இந்த விலங்கின் உடலிலிருந்தே பிறக்கின்றன. துருவமான், மான் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம். வட அமெரிக்காவில் காரிபூ என்றழைக்கப்படுவதும் இதுவே. அதன் மயிரிழைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் உடல்வெப்பம் எளிதில் வெளியேறாது. கடுங்குளிரில் உயிர்காக்கும் இந்தப் போர்வையே வெயிலில் சுமையாகிறது. கோடையில் மென்மையாக விரியும் குளம்பின் அடிப்பகுதி குளிர்காலத்தில் சுருங்கி, கூர்மையான விளிம்பு வெளிப்பட்டுப் பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும். அந்தக் குளம்பால் பனியைத் தோண்டி அடியிலுள்ள லைக்கன்களை மேயும். கண்ணின் பின்புறத்திலுள்ள ஒளி எதிரொளிக்கும் படலம்கூடக் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் நீலமாகவும் இருக்கும். மான் இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிளைக்கொம்பு வளர்வது இதில் மட்டுமே. முதிர்ந்த ஆண்கள் இனப்பெருக்கக் காலம் முடிந்து குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்க்கும். கருவுற்ற பெண்கள் குட்டி ஈனும் வசந்தகாலம் வரை வைத்திருக்கும்.

அடைப்பிடத்தை அமைத்தல்

பிளானட் ஜூவில் முதல் முடிவு வேலி அன்று, இடம். டைகா அல்லது தூந்திரா நிலத்திணையில் பூங்காவைத் தொடங்குவதே துருவமானுக்கு ஏற்றது. வெப்பமண்டலப் பூங்காவில் வைத்தால் குளிர்விப்பான்கள் ஓயாமல் இயங்கவேண்டும், அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், மின்கருவிகளைப் பழுதுபார்க்கப் பணியாளர் வேண்டும். தரையில் பனியைப் பூசுவதால் இடம் குளிர்ந்துவிடாது. பனி என்பது இங்குத் தரைவகை மட்டுமே, வெப்பநிலை தனிக்கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே புதியவர்களின் மான்கள் வாடுவதற்குப் பெரும் காரணம். மெய்யுலகிலும் இடத்தேர்வே முதலில் வந்தது. ஸ்காண்டிநேவியாவின் வடபகுதிப் பழங்குடியான சாமி இனத்தைச் சேர்ந்த மிக்கல் உட்சி 1952இல் ஸ்வீடனிலிருந்து ஸ்காட்லாந்துக்குத் துருவமான்களைக் கொண்டுவந்தபோது, லைக்கன் விளையும் கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார். அந்த மந்தை இன்றும் அங்கே இருக்கிறது.

அடுத்தது தரை. விளையாட்டின் விலங்குக் கையேடான ஜூபீடியாவில் குட்டைப்புல், நெடும்புல், மண், பாறை, மணல், பனி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அளவு பட்டைகளாகக் காட்டப்படும். துருவமான் மேயும் விலங்கு என்பதால் தரை முழுவதையும் வெள்ளையாக்குவது தவறு. புல்லும் மண்ணும் பாறையும் கலந்திருக்கவேண்டும். தரையைச் சரிசெய்த பிறகே செடிகளை நடுவது நல்லது. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களுக்கும் டைகா, தூந்திரா நிலத்திணைகளுக்கும் உரிய செடிகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி உண்டு. மரங்களை ஓரங்களில் கொத்துக் கொத்தாக வைத்து நடுவில் வெட்டவெளி விட்டால் மந்தை நடமாடவும் இடமிருக்கும், செடிகளின் பரப்பும் வரம்பு மீறாது.

கொட்டகை கட்டும்போது மந்தையின் முழு எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் படுக்க இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வாயில் குறுகினால் மான்கள் உள்ளே போகும் வழியை விளையாட்டு ஏற்காது. விலங்கு நடக்கக்கூடிய பரப்பைக் காட்டும் நிறப்படத்தில் கொட்டகையின் உட்பகுதி நிறம் பெறாமல் இருந்தால் குறை வாயிலில்தான் என்று அறியலாம். உடலைத் தேய்த்துக்கொள்ளத் தூண், தீவனம் நிரப்பிய பந்து போன்றவற்றைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைத்தால் மான்கள் வெளியில் நடமாடும், பார்வையாளர்களும் காண்பார்கள். நன்கொடைப் பெட்டியும் தகவல் பலகையும் பார்வை மேடையருகே இடம்பெறும்.

துருவமான் தனித்து வாழாது. ஒற்றை மானை வாங்கி விடுவது விளையாட்டிலும் கொடுமையே. எண்ணிக்கை பெருகும்போது உடன்பிறந்தவற்றுக்குள் இனச்சேர்க்கை ஏற்பட்டு மரபுவளம் கெடும். பணம் கொடுத்தோ விளையாட்டில் ஈட்டிய பாதுகாப்புப் புள்ளிகளைச் செலவிட்டோ வெளியிலிருந்து மான்களை வாங்கிச் சேர்ப்பதும், மிகுந்தவற்றை இயற்கைக்கு விடுவிப்பதும் இதற்குத் தீர்வு.

மெய்ந்நிலையிலிருந்து வேறுபாடுகள்

விளையாட்டில் மழையும் பனியும் பொழிந்தாலும் பருவகாலங்கள் மாறுவதில்லை. ஆகவே கொம்பு உதிர்வதும் குளம்பு மாறுவதும் அங்கு இல்லை. இதைவிடக் கருத்தில் கொள்ளவேண்டியது நோய். செம்மறியாடுகள் அறிகுறியின்றிச் சுமக்கும் ஒரு ஹெர்ப்பீஸ் வைரஸ், துருவமானுக்குப் பரவினால் உயிரைப் பறிக்கும் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். அதனால் மெய்யான பூங்காக்களில் இவ்விரண்டையும் அருகருகே வைப்பதைத் தவிர்க்கிறார்கள். துருவமான் நன்றாக நீந்தும் விலங்கு என்பதால் நீர்நிலையை வேலியாக நம்பவும் முடியாது.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் துருவமான் அழிவாய்ப்புள்ள இனமாக 2016இல் சேர்க்கப்பட்டது. மூன்று தலைமுறைகளில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்து, சுமார் 48 இலட்சத்திலிருந்து 29 இலட்சத்துக்கு வந்துள்ளது. விளையாட்டைப் பொறுத்தவரை, பிளானட் ஜூவின் கன்சோல் பதிப்பு 2024 மார்ச் 26 அன்று வெளிவந்தது.