சத்திரத்துப் பால்

1988இல் நான்கு மாதக் கைக்குழந்தையான என் மகளுடன் இராமேசுவர யாத்திரை சென்றோம். இரயிலில் சேலைத் தூளி கட்டினோம். பாம்பன் பாலத்தையும் அறியாமல் உறங்கினாள். அன்றிரவு ஒரு விடுதியார், குழந்தை அழுதால் பிறர் தூக்கம் கெடும் என்று இடம் மறுத்தார். விடியும்வரை இரயில் நிலையத்தில் அமர்ந்திருந்தோம்.

வரலாறு கற்பிக்கும் எனக்கு அப்பொழுது ஒரு கடிதம் நினைவிற்கு வந்தது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் அமைத்திருந்தனர். 1799இல் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்த இரண்டாம் சரபோசி மன்னர், 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அச்சத்திரங்களின் அறப்பணிகளை விவரித்து எழுதினார். வழிப்போக்கர் யாவருக்கும், சாதி வேறுபாடின்றி, உணவு உண்டு. நோயுற்றவர்க்கு மருந்து உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. சத்திரத்தில் பிரசவித்த தாய் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம்.

நாட்டை இழந்த பின்னும் அம்மன்னர் குழந்தையின் பாலை மறக்கவில்லை. அவ்விரவு என் மகள் பசித்து அழுதபோது, நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர் கேளாமலே வெந்நீரும் பாலும் கொண்டுவந்தார்; காசு வாங்க மறுத்தார். சத்திர தருமம் முற்றும் அழிந்துவிடவில்லை என்று அன்று தெளிந்தேன்.