ஆற்றலும் திறனும்: இலவச ஆற்றல் கருவிகளின் வரலாறு

உள்ளே செலுத்தும் ஆற்றலைவிடக் கூடுதலான ஆற்றலை வெளியே தருவதாகச் சொல்லப்படும் பொறிகள் 'இலவச ஆற்றல்' கருவிகள் எனப்படுகின்றன. வேதியியல் பாடத்தில் வரும் கட்டிலா ஆற்றல் வேறு. ஆற்றலையும் திறனையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் இக்கருவிகளின் வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டுகிறது.

சொல் விளக்கம்

வேலை செய்வதற்கான இருப்பு ஆற்றல். அதன் அலகு ஜூல். அந்த இருப்பு செலவாகும் வேகம் திறன். அதன் அலகு வாட். நொடிக்கு 1 ஜூல் செலவானால் அது 1 வாட். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல், திறன் என்றும், இலங்கைப் பாடநூல்களில் சக்தி, வலு என்றும் இவை வழங்குகின்றன. பேச்சில் இரண்டையும் 'பவர்' என்று சொல்லிவிடுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது.

தொட்டியில் உள்ள நீர் ஆற்றல் என்றால், குழாயில் நீர் கொட்டும் வேகம் திறன். குழாயை அகலத் திறந்தால் நீர் வேகமாகக் கொட்டும். தொட்டியில் நீர் கூடிவிடாது. மின்கட்டணத்தில் வரும் 'யூனிட்' ஆற்றலின் அளவாகும். 1000 வாட் திறனில் 1 மணி நேரம் மின்சாரம் செலவானால் 1 யூனிட், அதாவது 36 இலட்சம் ஜூல்.

பெஸ்லரின் சக்கரம்

செருமனியின் காசல் நகரை ஆண்ட கார்ல் பிரபுவின் ஆதரவில், யோகான் பெஸ்லர் என்பவர் தானே சுற்றும் சக்கரம் ஒன்றை அமைத்தார். அதன் விட்டம் சுமார் 12 அடி. 1717 நவம்பரில் அதைச் சுழலவிட்டு அறையைப் பூட்டி முத்திரையிட்டனர். இடையில் திறந்து பார்த்து மீண்டும் பூட்டினர். 1718 சனவரி 4 அன்று திறந்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது.

பார்த்தவர்கள் வியந்தது அது சுற்றிய நாள்களின் எண்ணிக்கையை. ஆனால் சுமை ஏதுமின்றிச் சுற்றும் சக்கரம் உராய்வை மட்டும் வென்றால் போதும். அதற்கு 1 வாட் தேவைப்பட்டது என வைத்துக்கொண்டால், 54 நாள்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3 யூனிட்டே ஆகும். நீண்ட நாள் ஓடியது என்பதே பேராற்றலுக்குச் சான்றாகாது. பக்கத்து அறையிலிருந்து ஆள் வைத்துச் சுற்றியதாக அவர் வீட்டுப் பணிப்பெண் 1727இல் கூறினார்.

அளவீடு வளர்ந்த விதம்

இத்தகைய பொறிகளை இனி ஆராய்வதில்லை எனப் பாரிசு அறிவியல் கழகம் 1775இல் முடிவு செய்தது. 1780களில் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறிகளைக் குதிரைகளுடன் ஒப்பிட்டுக் குதிரைத்திறனை வகுத்தார். இன்றைய அளவில் அது சுமார் 746 வாட். இது திறனின் அளவு. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற விதி, 1840களில் மேயர், ஜூல், எல்ம்கோல்ட்சு ஆகியோரின் ஆய்வுகளால்தான் உறுதிபெற்றது.

நியூமன் வழக்கு

மின்கருவிகள் வந்தபின் குழப்பம் புதிய வடிவம் எடுத்தது. கேமரா ஃபிளாஷை எடுத்துக்கொள்வோம். மின்கலம் 2 வாட் வீதம் 5 நொடிகளில் 10 ஜூல் சேர்க்கிறது. அதே 10 ஜூல் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் வெளியேறினால் திறன் 10,000 வாட். திறன் 5,000 மடங்கு பெருகியது. ஆற்றல் துளியும் பெருகவில்லை. உச்சத் திறனை மட்டும் பார்ப்பவருக்கு இது அதிசயமாகத் தோன்றும்.

அமெரிக்காவின் ஜோசப் நியூமன், பெரிய கம்பிச்சுருளும் சுழலும் காந்தமும் மின்கலங்களும் கொண்ட கருவிக்கு 1979இல் காப்புரிமை கோரினார். அது மறுக்கப்படவே, வழக்கு நீதிமன்றம் சென்றது. நீதிமன்ற ஆணைப்படி, அந்நாட்டுத் தேசிய அளவீட்டு நிறுவனம் 1986இல் கருவியைச் சோதித்தது. சோதித்த எல்லா நிலைகளிலும் உள்ளே சென்ற திறனைவிட வெளிவந்த திறன் குறைவாகவே இருந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

இன்றும் இத்தகைய கருவிகளின் காணொளிகள் வருகின்றன. நம்பிப் பணம் கொடுப்போரும் உள்ளனர். 'எத்தனை வாட்?' என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. 'எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில் உள்ளே சென்றது எத்தனை யூனிட், வெளியே வந்தது எத்தனை யூனிட்?' என்றும் கேட்க வேண்டும். வெளிவருவது உண்மையிலேயே கூடுதல் என்றால், அதிலிருந்தே கருவியை இயக்கலாம். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சுமையோடு ஓடவிட்டுக் காட்டலாம்.