கரிசல் மண்ணின் நுண்ணுயிர்களிலிருந்து உயிர்மூலக்கூறு பிரித்தெடுத்தல்
ஒரே மண் மாதிரியிலிருந்து வளர்சிதைப் பொருள்கள், ஆர்என்ஏ, டிஎன்ஏ, புரதம் ஆகியவற்றை அடுத்தடுத்துப் பிரிக்கும் முறை. லக்சம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இத்தகைய வரிசைமுறையை வெளியிட்டனர். வெம்பக்கோட்டை, சிவகாசி பட்டாசு வட்டாரக் கரிசலுக்கு இது மிகவும் பொருந்தும். பட்டாசில் பயன்படும் பெர்குளோரேட் சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் கண்டறியப்பட்டுள்ளது; அதைக் குளோரைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் இயற்கையில் உண்டு. டிஎன்ஏ அவற்றின் திறனை மட்டுமே காட்டும். அத்திறன் செயல்படுவதை ஆர்என்ஏவும் புரதமும்தான் காட்டும்.

ஒரு பிடி மண்ணிலேயே நுண்ணுயிர்கள் இடத்துக்கிடம் வேறுபடுவதால், மாதிரியைப் பங்கிடாமல் ஒன்றாகவே கையாள வேண்டும். ஆர்என்ஏ விரைவில் சிதையும். எனவே எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறைந்தபடியே அரைப்பர். மெத்தனால், குளோரோஃபார்ம் கொண்டு வளர்சிதைப் பொருள்களை எடுத்தபின் மற்றவை பிரிக்கப்படும். கரிசலின் களிமண் டிஎன்ஏவை இறுகப் பற்றும். மண்ணின் ஹியூமிக் அமிலம் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஆகவே இங்கே தூய்மைப்படுத்தும் கட்டத்தைச் சுருக்கக் கூடாது.