திரையில் கிறிஸ்து, பதிவேட்டில் திருச்சபை: நற்செய்தித் திரைப்படங்களும் அமைப்புக்கு வெளியே நிற்கும் நம்பிக்கையும்

கிறிஸ்துவின் வாழ்வைக் காட்டும் திரைப்படங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. படம் விவிலியத்தை எவ்வளவு பிசகாமல் பின்பற்றுகிறது என்று இறையியலாளரும் திரைத் திறனாய்வாளரும் கேட்கிறார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் மனம் திரும்பினார்கள் என்று அதை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நற்செய்தி அமைப்புகள் கேட்கின்றன. திரையில் கண்ட கிறிஸ்துவின்மேல் ஒருவருக்கு எழும் பற்று, திருமுழுக்கு, பங்கு, பதிவேடு, ஆயர், காணிக்கை ஆகியவற்றால் கட்டப்பட்ட திருச்சபை என்னும் அமைப்புக்குள் போய்ச் சேர்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. சேராமற்போனால் பார்வையாளரின் ஈடுபாட்டுக் குறைவே காரணம் என்ற முன்முடிவோடு இக்கேள்வி ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முன்முடிவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். நற்செய்திப் பணிக்குப் பயன்பட்ட படங்கள் தம் கதையமைப்பிலேயே கிறிஸ்துவைத் திருச்சபையிலிருந்து பிரித்துத் தருகின்றன. தென்னிந்தியாவில் அந்தப் பிரிவைச் சாதியும் சட்டமும் மேலும் அகலப்படுத்தின.

சலனப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே நற்செய்தியாளர்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டனர். பவேரியாவின் ஓபராமெர்காவ் ஊரில் நடிக்கப்படும் புகழ்பெற்ற பாடுகளின் நாடகத்தை, அதாவது கிறிஸ்து பட்ட துன்பங்களை நடித்துக்காட்டும் நாடகத்தை, நேரில் படம்பிடித்தது போன்ற தோற்றத்தோடு 1898ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு படம் திரையிடப்பட்டது. உண்மையில் அது அந்நகரிலேயே ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் எடுக்கப்பட்டது. அதை ஹென்றி ஹாட்லி என்ற அமெரிக்க நற்செய்தியாளர் விலைக்கு வாங்கித் தம் கூட்டங்களில் காட்டினார்.

தமிழகத்தில் இத்தகைய படம் வேறு வழியாக வந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றபோது, அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் இருந்தது. வின்சென்ட் கிறிஸ்தவர்தாம், ஆனால் அவர் நடத்தியது தொழில், ஊழியமன்று. சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, திரையில் கிறிஸ்து நகர்ந்துகொண்டிருக்கையில் தம் மனத்தில் இராமனும் கிருஷ்ணனும் தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். 1913இல் வெளிவந்த 'ராஜா அரிச்சந்திரா'வுக்கும் அதன்பின் வந்த புராணப் படங்களுக்கும் அந்தக் காட்சியே தூண்டுதல். திரையில் வரும் கிறிஸ்துவைப் பார்வையாளர் தம் பக்தி மரபின் வழியே உள்வாங்கிக்கொள்வார், அப்படி உள்வாங்குவதற்கு எந்தச் சபையின் இசைவும் அவருக்குத் தேவைப்படாது என்பது இந்தியத் திரையின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. படத்தைக் கொண்டுவந்தவர்கள்தாம் இதைக் கவனிக்கவில்லை.

இவ்வகைப் படங்களில் மிகுந்த கவனத்துக்குரியது 1979இல் வெளியான 'இயேசு'. பில் பிரைட் என்பவர் 1951இல் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவரிடையே தொடங்கிய 'கேம்பஸ் குருசேட் ஃபார் கிரைஸ்ட்' என்ற அமைப்பு அதற்குப் பின்னணியாக நின்றது. டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வர் பங்கர் ஹன்ட் பண உதவிக்குப் பொறுப்பேற்றார். தயாரித்தவரோ ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டனில் தொழில் செய்த ஜான் ஹெய்மன். விவிலியம் முழுவதையும் வரி விடாமல் படமாக்கும் பெருந்திட்டம் ஒன்றை வைத்திருந்தவர். இஸ்ரேலில் எடுக்கப்பட்ட இப்படத்தில் பிரையன் டீக்கன் என்ற ஆங்கிலேய நடிகர் இயேசுவாக நடித்தார். திரையரங்குகளில் ஓடி முடிந்த பிறகுதான் அதன் உண்மையான வாழ்வு தொடங்கியது. தமிழ் உட்பட 2000க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பட்டு, உலகில் மிக அதிகமான மொழிகளில் பேசும் படம் என்ற பெயரை அது பெற்றது.

படத்தின் உரையாடல் ஏறத்தாழ முழுவதும் லூக்கா நற்செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது. பிறழாத பின்பற்றலுக்குச் சான்றாகவே அமைப்பினர் இதைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் லூக்கா நற்செய்தி தனித்த நூலன்று. அதுவும் திருத்தூதர் பணிகள் நூலும் (சீர்திருத்தச் சபையார் வழக்கில் அப்போஸ்தலருடைய நடபடிகள்) ஒரே ஆசிரியர் எழுதிய இரண்டு பாகங்கள் என்பது விவிலிய ஆய்வில் பெரும்பாலோர் ஏற்ற முடிவு. முதற்பாகம் இயேசுவின் விண்ணேற்றத்தோடு முடிகிறது. திருச்சபை பிறப்பது இரண்டாம் பாகத்தில்: தூய ஆவி இறங்குகிறது, மக்கள் திருமுழுக்குப் பெறுகிறார்கள், உடைமைகளைப் பொதுவில் வைத்து அப்பம் பிட்டு உண்கிறார்கள், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசுவோர் முறையிட அமைப்பின் முதற்பிணக்கும் எழுகிறது. 'இயேசு' படம் முதற்பாகத்தோடு நிற்கிறது. நின்றவுடன், பார்வையாளரை நேராக விளித்து, இயேசுவைத் தம் வாழ்வில் ஏற்றுக்கொள்ளும் மன்றாட்டைச் சொல்லுமாறு ஒரு குரல் அழைக்கிறது. லூக்கா இரண்டாம் நூலை எழுதி நிரப்பிய இடத்தில் படம் ஒரு தனிமனித மன்றாட்டை வைக்கிறது. அங்கே குருவும் இல்லை, தண்ணீரும் இல்லை, உடன் உண்பவரும் இல்லை.

தற்செயலாக நேர்ந்த குறையாக இதைக் கொள்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வளர்ந்த நற்செய்தி மரபில், மீட்பு என்பது ஒரு கணத்தில் ஒருவர் தனித்து எடுக்கும் தீர்மானம். அந்தக் கணத்தைத் தூண்டுவதும் அட்டையில் குறித்துக்கொள்வதும் பணியின் மையம். இம்மரபைத் தாங்கும் அமைப்புகள் பெரும்பாலும் சபைகள் அல்ல; எல்லாச் சபைகளுக்கும் உதவுவதாகச் சொல்லிக்கொண்டு எச்சபைக்கும் கட்டுப்படாமல் இயங்கும் சபைசாரா அமைப்புகள். அவை திருமுழுக்குக் கொடுப்பதில்லை, பங்கு நடத்துவதில்லை. தீர்மானங்களின் எண்ணிக்கையை அறிக்கையிடுகின்றன, தீர்மானித்தவரை உள்ளூர்ப் போதகரிடம் ஒப்படைப்பதைத் தொடர்பணி என்கின்றன. ஆகவே நிறுவனக் கிறிஸ்தவத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள இடைவெளி, படத்தைப் பார்த்தவரிடத்தில் தோன்றுமுன் படத்தை அனுப்பியவரிடத்திலேயே இருக்கிறது. 2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' இதை இன்னொரு கோணத்தில் காட்டிற்று: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களை ஏற்காத ஒரு கத்தோலிக்கர் தம் சொந்தப் பணத்தில் எடுத்த, மரியாவின் துயரில் தோய்ந்த படத்துக்கு, மரியா வணக்கத்தைக் கண்டிக்கும் நற்செய்திச் சபைகள் மொத்தமாக இருக்கைகளை வாங்கிப் பார்வையாளரை அனுப்பி வைத்தன. கொள்கை வேறுபாடுகளைத் திரை அத்தனை எளிதில் விழுங்கிவிடும்.

தென்னிந்தியாவில் 'இயேசு'வைவிட ஆழமான தடம் பதித்தது 1978 டிசம்பரில் வெளியான 'கருணாமயுடு' என்ற தெலுங்குப் படம். 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' ஆகியவற்றால் தமிழர் நன்கறிந்த அ. பீம்சிங்கின் பெயர் இயக்குநராக இதில் இடம்பெறுகிறது. படம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். பிரான்சிஸ்கன் துறவி கிறிஸ்டோபர் கொயலோ திரைக்கதையில் பெரும்பங்கு வகித்தார். தயாரிப்பில் ஈடுபட்டு இயேசுவாகவும் நடித்த விஜயசந்தர் பின்னர் 1986இல் சீரடி சாயிபாபாவாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். மத எல்லைகளைக் காக்க விரும்புவோருக்கு இது சங்கடமான செய்தியாக இருக்கலாம். தெலுங்குத் திரை பார்த்து வளர்ந்தவருக்கு இதில் வியப்பே இல்லை. என். டி. ராமராவ் கிருஷ்ணனாகத் தோன்றியபோது அரங்கில் கைகூப்பிய மக்கள், துயருறுவோரிடம் இரங்கி வரும் அருளாளரைத் திரையில் கண்டதும் அதே முறையில் அணுகினர். ட்வைட் ஃப்ரீசன் தம் ஆய்வில், இப்படம் இயேசுவின் கருணையையும் அமைதியையும் முன்னிறுத்தி இந்தியப் பார்வையாளரோடு உறவாடும் விதத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஜான் கில்மன் என்ற அமெரிக்கர் நிறுவிய 'டேஸ்பிரிங் இன்டர்நேஷனல்' அமைப்பு இதன் இந்தி வடிவமான 'தயா சாகர்' படத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்லக் குழுக்களை அமைத்தது. இவ்வாறு கத்தோலிக்கத் துறவியின் எழுத்தும் தென்னிந்தியத் திரைத்தொழிலின் கைத்திறனும் அமெரிக்க நற்செய்தி அமைப்பின் பணமும் ஒரே திரையில் சேர்ந்தன. இம்மூன்றில் எதனோடும் ஊர்ப் பார்வையாளர் உறவு பூண்டதாகச் சொல்ல முடியாது. அவர் உறவு பூண்டது திரையில் நின்ற உருவத்தோடு.

அந்த உறவுக்குப் பெயர் என்ன என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். கிறிஸ்துவை ஏற்று, திருச்சபையை ஏற்காமல் நிற்பது திரைப்படம் கொண்டுவந்த புதுமையன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய ஓ. கந்தசாமி செட்டி, இயேசுவைப் பின்பற்றிய போதும் தாம் ஏன் திருமுழுக்குப் பெறவில்லை என்பதை 1915இலேயே வெளிப்படையாக விளக்கினார். பாண்டிபெத்தி செஞ்சையா, வேங்கல் சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர் 1938இல் வெளியிட்ட தொகுப்பு, மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சபை அமைப்பு இந்திய நம்பிக்கைக்கு இன்றியமையாததா என்று கேட்டது. அதே ஆண்டு தாம்பரத்தில் கூடிய உலக மிஷன் மாநாட்டை நோக்கியே அது எழுதப்பட்டது. இவர்கள் கற்றறிந்த சிலர் என்று ஒதுக்கியோருக்கு, குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர் சென்னையிலும் தமிழக ஊர்ப்புறங்களிலும் நடத்திய கள ஆய்வு மறுமொழியாயிற்று. திருமுழுக்குப் பெறாமலே இயேசுவை வழிபடுவோர் பெருந்தொகையினராக, சமூகத்தின் பல தட்டுகளிலும் பரவி இருப்பதை அவர் 1991இல் நூலாக்கினார். இவர்கள் எல்லாரும் படம் பார்த்து வந்தவர்கள் என்று கொள்ளலாகாது. நோய் நீங்கிய அனுபவம், கிறிஸ்தவப் பள்ளி, அண்டை வீடு என வழிகள் பல. ஆயினும் நற்செய்திப் படங்கள் உருவாக்கக்கூடிய நம்பிக்கையின் வடிவம், இவர்களிடம் ஏற்கனவே இருந்த வடிவமே.

இந்நிலைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் வலுவானது, 1965 முதல் 1974 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினுடையது. இந்துக்கள் திருச்சபையில் சேராமலே கிறிஸ்துவைப் பின்பற்றலாம் என்று பெங்களூரில் கற்பித்த டேனிஷ் அறிஞர் காய் போகோ வாதிட்டபோதும், கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கூட்டுறவு திருச்சபைக்கு வெளியேயும் அமையலாம் என்று இறையியலாளர் எம். எம். தாமஸ் எழுதியபோதும், கண்ணுக்குத் தெரியும் கூட்டுவாழ்வு இல்லாத நம்பிக்கை வெறும் மனநிலையாகச் சுருங்கும் என்ற கவலையை நியூபிகின் முன்வைத்தார். நற்செய்திப் படத்துக்கு எதிராக இதைவிடக் கூர்மையான விமர்சனம் இருக்க முடியாது: இரண்டு மணிநேரத்தில் கண்ணீர் வரவழைக்கும் படம், மறுநாட்காலையில் யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதைச் சொல்வதில்லை. ஆனால் இவ்விமர்சனம் முழுமை பெற, திருச்சபை அப்படி உடனுண்ணும் இடமாக இருந்தாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், பலிபீடத்தில் ஒன்றுசேரும் இரண்டு தனித்தனி நடுக்கூடங்களாக, வெவ்வேறு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பூசையில் பங்குகொள்ளும்படி அமைக்கப்பட்டது. இடையிலிருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டதை எதிர்த்துக் கிறிஸ்தவர்களே நீதிமன்றம் சென்றனர். ஒற்றைச் சான்றைக் கொண்டு முழுத் திருச்சபையையும் தீர்ப்பிடலாகாது என்பது சரியே. ஆனால் கல்லறையிலும் திருவிழாத் தேரிலும் சாதி பார்த்த வரலாறு வடக்கன்குளத்தோடு முடிந்துவிடவுமில்லை. திறந்தவெளியில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படத்தின் முன் ஊரார் எப்படி அமர்ந்தார்கள் என்பதும் சாதியிலிருந்து விடுபட்ட செய்தியாக இருந்திராது. எனினும் திரையிலிருந்த கிறிஸ்துவுக்கும் தமக்கும் இடையில் சுவர் வேண்டும் என்று அங்கே எவரும் வழக்குப் போடவில்லை.

இதனோடு அரசாணை ஒன்றும் சேர்கிறது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்ட (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருத இயலாது என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் தளர்த்தப்படவில்லை. இதன்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் படத்தின் முடிவில் அந்த மன்றாட்டைச் சொல்வதால் எதையும் இழப்பதில்லை. சபைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் கல்வியிலும் வேலையிலும் தனித்தொகுதியிலும் உள்ள உரிமையை இழக்கிறார். மேல்சாதிக் குடும்பத்துப் பெண்ணுக்கு இழப்பு வேறு வகையானது, வீடும் உறவும் அதில் அடங்கும். தயங்கி நிற்கும் இவ்விருவரையும் முழுமையடையாத நம்பிக்கையாளர் என்று வகைப்படுத்துவது, அமைப்பும் அரசும் சேர்ந்து வைத்த விலையை நம்பிக்கையின் அளவுகோலாக்குவதாகும். இந்த விலக்கை எதிர்த்து 2004இல் உச்சநீதிமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது; மதம் மாறியோருக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கலாமா என்று ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது. தீர்மானங்களை எண்ணும் அமைப்புகளின் கணக்கும், திருமுழுக்குகளை எண்ணும் மறைமாவட்டங்களின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாததற்கு அந்த 1950ஆம் ஆண்டு ஆணை ஒரு காரணம் என்று கொண்டு, படம் காட்டப்பட்ட ஊர்களில் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வே இனி இத்துறைக்குத் தேவைப்படுவது.